‘நிக்கப்போறன்’ என்று சொன்னது

எங்கள் பக்கத்தில் நிற்பது என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டே பாதி வாழ்க்கையை ஓட்டிவிடலாம். கடையில் வேலை பார்க்கிறவனைக் கடையில் நிற்கிறான் என்போம். ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருந்த பிள்ளையை இன்றைக்கு நின்றுவிட்டது என்போம். வேலையே வேண்டாமென்று அடியோடு விட்டுவிட்டு வந்தவனும் நின்றுவிட்டவன்தான். எது எந்த நிற்பது என்று எல்லோருக்கும் விளங்கும். அதனால் கெட்டுப்போனது எனக்குத் தெரிய நான் ஒருத்திதான்.

அது அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமான கையோடு யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்துவிட்டோம். கணவர் வயலோடு கிடப்பார். நான் கண்டி வீதிக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அரிசி மில்லில் நெல் காயவைக்கும் வேலைக்குப் போனேன். பெரிய கிடாரத்தில் அவித்த நெல்லைச் சீமெந்துக் களத்தில் கொட்டுவார்கள். நாங்கள் பெண்கள் வரிசையாகக் காலால் கிண்டிக்கொண்டே மேலும் கீழும் நடக்க வேண்டும். நெல் காயும்வரை நடைதான். உள்ளங்கால் தடித்துப்போகும், பிறகு ஒன்றும் சுடாது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் பிடித்துத்தான் இருந்தது.

வயிற்றில் பிள்ளை வந்த பிறகும் நடந்தேன். குனிந்து கால் விரலைப் பார்க்க முடியாத மாதம் வந்தபோது, இனிப் போதும் என்று பேற்றுக்குத் துணையாக வந்திருந்த மாமி சொன்னார். அன்று வேலை முடிந்து மனேச்சரின் மேசைக்கு முன்னால் போனேன். முதலாளி யாழ்ப்பாணத்தில் இருந்தார். மில்லை நடத்தியது இந்த மனேச்சர்தான். கண்ணாடி போட்ட, அதிர்ந்து பேசாத மனிதர்.

“ஐயா, நாளையில இருந்து நான் நிக்கப்போறன்,” என்றேன்.

“சரி பிள்ளை,” என்றார்.

அவ்வளவுதான் எங்கள் கதை. பிள்ளைப்பேற்றுக்குப் போகிறேன் என்று அந்நிய ஆண்பிள்ளை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் அப்போது எங்களிடம் இல்லை. சொல்ல என்ன இருந்தது, வயிறு எனக்கு முன்னால் அவருடைய மேசையைத் தொட்டுக்கொண்டு நின்றது. திரும்பி வருவேன் என்றும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் பிள்ளைப்பேற்றுக்குப் போன பெண்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்கள், இப்படித்தான் திரும்பி வந்தார்கள்.

பிள்ளை ஆசுபத்திரியில் இறந்து பிறந்தது. பெண் பிள்ளை. கணவரும் அவருடைய தமையனும் சுடலைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். எனக்கு முகத்தைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. பால் மட்டும் ஒன்றும் தெரியாமல் வந்துகொண்டிருந்தது. மாமி துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். நான் அழவில்லை. அழுத்தக்காரி என்று யாரோ குசினிக்குள் சொன்னது கேட்டது. அழுத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. உடம்பு எங்கேயோ இருந்தது, நான் அதற்குப் பக்கத்தில் இருந்தேன்.

தீட்டு நாட்கள் முடிந்து துடக்குக் கழிந்ததும் மில்லுக்குப் போக வேண்டும் என்பது மட்டும்தான் தெரிந்திருந்தது. மாமியும் தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டார், கணவர் விடியமுன் வயலுக்குப் போய்விடுவார். வீட்டில் கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டிக்கொண்டு இருக்க என்னால் முடியாது. களத்தில் நடந்தால் பொழுது போகும், இரவில் நித்திரை வரும். எனக்கு அந்த நடை வேண்டியிருந்தது. அதற்கு மேல் ஆசை எதுவும் அந்த நாட்களில் எனக்கு இருக்கவில்லை.

போனேன். மனேச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீர் வேலையால நிண்டனீரல்லோ பிள்ளை? அந்த இடத்தில வேற ஆள் நிக்குது.”

களத்தைப் பார்த்தேன். என் வரிசையில் ஒரு புதுப் பெண் நடந்துகொண்டிருந்தாள். நான் திரும்பி வந்துவிட்டேன். கோபப்பட வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் வரவில்லை.

கோபப்பட்டது என்னோடு களத்தில் நடந்த ஓர் அக்கா. முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த வேதக்காரி, கிறிஸ்தவப் பெண். அவவுடைய தம்பி உப்பளத்துத் தொழிற்சங்கத்தில் இருந்தான், அவன் சொல்லிச் சொல்லி அவவுக்கும் சட்டம் கொஞ்சம் பாடமாகியிருந்தது. அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்துவிட்டா.

“இஞ்ச பார் தங்கச்சி. பிள்ளை பெறப் போன பொம்பிளையை அதைச் சாட்டி விலக்கேலாது. சட்டம் இருக்கு. நாங்களா விலகினால் போச்சு. மில்லுக்காரர் விலக்கினால் கேக்கலாம். நீ விலகினியோ, விலக்கினவையோ?”

“நான் நிண்டனான்,” என்றேன்.

“விசர்க் கதை கதையாத,” என்றா அக்கா.

தம்பியைக் கொண்டு தொழில் கந்தோருக்கு அறிவித்ததும் அவதான். சில கிழமைகள் போனபின் விசாரணைக்கு வரச் சொன்னார்கள். காரியாதிகாரி கந்தோரில் ஒரு பின்னறை. விசாரிக்க வந்த தொழில் கந்தோர் அதிகாரி எங்கள் பக்கத்து ஆள்தான், நல்ல மனிதர். என்னைக் கண்டதும் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். மனேச்சர் மற்றக் கதிரையில் இருந்தார். கணவர் வெளியே வேப்ப மரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரச் சொன்னபோது, நீரே கதையும் என்றுவிட்டார்.

அதிகாரி எனக்கு விளங்கும்படி பொறுமையாகச் சொன்னார். பிள்ளைப்பேற்றுக்காக வராமல் விட்டவளை வேலையால் நீக்கக் கூடாது. ஆனால் பிள்ளைப்பேற்றுக்குப் போகிறேன் என்று முதலாளி பக்கத்துக்கு அவள் அறிவித்திருக்க வேண்டும். அதுதான் கேள்வி என்றார்.

“அறிவிச்சனீங்களோ?”

“ஓம் ஐயா.”

“என்னெண்டு சொன்னனீங்கள்?”

“நாளையில இருந்து நிக்கப்போறன் எண்டு சொன்னனான்.”

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார்.

“ஏன் நிக்கப்போறீங்கள் எண்டு சொன்னனீங்களோ?”

“அதை எப்பிடி ஐயா ஆம்பிளையளிட்டச் சொல்லுறது?”

“திரும்பி வருவன் எண்டாவது?”

“அது தெரிஞ்ச விசயந்தானே.”

அவர் மனேச்சர் பக்கம் திரும்பினார். “அவ சொன்னதை நீங்கள் என்னெண்டு விளங்கினனீங்கள்?”

“வேலை வேண்டாமெண்டு நிக்கிறா எண்டுதான் விளங்கினனான். அதாலதான் வேற ஆளைப் பிடிச்சனான்.”

“கடைசி மாதம். வயிறு தெரிஞ்சிருக்குமே?”

மனேச்சர் நிலத்தைப் பார்த்தார். “பொம்பிளையளின்ர வயித்தை உத்துப் பாக்கிற ஆள் நான் இல்லை ஐயா.”

அறையில் இருந்த எல்லோருக்கும் அந்தப் பதில் பிடித்துப்போனது. மூலை மேசையில் இருந்த எழுதுவினைஞர்கூடத் தலையை ஆட்டினார். பார்க்கப்போனால் நானும் ஆட்டியிருப்பேன். ஊர் மரியாதை தெரிந்த மனிதர் வேறு எதைச் சொல்வார்? நெல்லுக்குள் கிடக்கிற குறுணிக்கல்லைத் தூரத்தில் நின்று கண்டுபிடிக்கிற மனிதர், மரியாதை காரணமாக என் வயிற்றைக் காணவில்லை. நானும் மரியாதை காரணமாக அதைச் சொல்லவில்லை. இரண்டு மரியாதைக்கும் நடுவில் என் வேலை போயிற்று. இதை இன்றைக்குச் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. மேசை விளிம்பில் ஓர் எறும்பு போனது, அது அடுத்த முனைக்குப் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பிள்ளை எப்ப பிறந்தது?” என்று அதிகாரி கேட்டார். நாளைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். சட்டத்துக்குப் பிறந்த நாள் போதும். எப்போது பிறந்தது என்றுதான் கேட்டார்கள், பிறந்த நாளை நானும் சொன்னேன். அதற்கு மேல் அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. மனேச்சருக்குத் தெரிந்திருக்கலாம், சின்ன ஊர்தானே. அவரும் வாய் திறக்கவில்லை.

அதிகாரி எழுதியதைத் திரும்ப வாசித்தார். நெற்றியைத் தேய்த்தார். அவருக்கு மனமில்லை என்பது தெரிந்தது.

“நீங்களாய் விலகினதெண்டுதான் நான் எழுதவேண்டி வருது. உங்கட வாயாலயே நிக்கப்போறன் எண்டு சொல்லியிருக்கிறீங்கள். விலக்கினது எண்டு காட்ட என்னட்ட ஒண்டுமில்லை.”

“ஓம் ஐயா,” என்றேன்.

மனேச்சர் எழும்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார். நானும் எழும்பினேன். அதிகாரி வாசல்வரை கூட வந்தார். அப்படி யாருக்கும் வருகிற மனிதர் இல்லை என்று பிறகு அக்கா சொன்னா. அதிகாரி குரலைத் தணித்து, தகப்பன் ஒருவர் சொல்வதுபோலச் சொன்னார்:

“கவலைப்படாதேங்கோ. கைக்குழந்தையை விட்டிட்டு அந்த வெய்யிலுக்க நடக்கவும் வேணுமே? கொஞ்ச நாளைக்கு வீட்டை இருந்து பிள்ளையைப் பாருங்கோ.”

அவருடைய கண் நல்ல கண். அவரை ஏன் வருத்தப்படுத்த வேண்டும் என்று நினைத்தேனோ, அதைக்கூட நினைக்கவில்லையோ, தெரியாது. அதற்கும் ஓம் என்றுதான் சொன்னேன்.

வெளியே கணவர் சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார்.

“என்னவாம்?”

“வீட்டை இருந்து பிள்ளையைப் பாக்கட்டாம்,” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏறும் என்றார். பின்னால் ஏறி இருந்தேன். வீட்டுக்குப் போகிற திருப்பம் வந்தபோது அவர் திருப்பவில்லை. சுடலைக்குப் போகிற வீதியில் நேரே மிதித்துக்கொண்டே போனார், நானும் எங்கே என்று கேட்கவில்லை.