ஈரத் தோல் காய்ந்த மதியம்

வேலை தேடி ஊர் ஊராகச் சுற்றி, புனேயில் இருக்கும் கோர்படிக்கு வந்தவன் நான். பொழுதுபோக்காகத் தோலில் பர்ஸ், பெல்ட் தைப்பேன். பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணனின் செயற்கைக் காலைத் தொடையோடு பிடிக்கும் பட்டை அறுந்துபோனது. புதிதாகத் தைத்துக் கொடுத்தேன். நனைந்த தோல் எதன்மேல் காய்கிறதோ அந்த வடிவத்துக்கு வரும். அதனால் அதை ஒரு செம்பில் சுற்றிக் காயவைத்திருந்தேன். அவர் மாட்டியதும் பட்டை உரசித் தொடை சிவந்துவிட்டது. மறுநாள் சர்ச்சில் மகளுக்குக் கல்யாணம்; அவளை அவர்தான் கைபிடித்து நடத்திச் செல்ல வேண்டும்.

"செம்புக்குத் தச்சா செம்புதான் நடக்கும் தம்பி," என்று அவர் மனைவி சிரித்தார்.

பட்டையின் ஓரத்தை உள்பக்கம் மெலிதாகச் சீவினேன். மறுபடி நனைத்து, மெல்லிய துணி சுற்றிய அவர் தொடையிலேயே கட்டினேன். காயும்வரை அசையக் கூடாது. முழங்காலோடு முடிந்துபோன அந்தக் காலை என் மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணன் அப்படியே தூங்கிவிட்டார். என்னை நம்பி யாரும் அப்படித் தூங்கியதில்லை.

மறுநாள் மகளோடு நிமிர்ந்து நடந்தார். அந்த வாரமே புனேயைவிட்டுக் கிளம்ப இருந்தேன். போக மனசு வரவில்லை.