தீவுச் செடிக்கு ஆற்றுத் தண்ணீர்

மகள் வாங்கிவந்த குண்டு இலைச் செடியைத் தொட்டேன். இலை அழுகிக் கையோடு வந்தது. அந்த வாடை என்னை, சிறுவயதில் ஆற்றங்கரையில் இருந்த ஏரல் வீட்டுக்கு இழுத்துப் போனது.

கடலுக்குப் போன புன்னக்காயல் மாமா, தீவுப் பாறையில் பிடுங்கிய செடியொன்றை எனக்குத் தந்தார். "தண்ணி ஊத்திராதல, செத்துரும்" என்றார். ஆற்றங்கரைக்காரர்கள் கேட்பார்களா? அம்மா, அத்தை, பால்காரர் வரை ஆளுக்கொரு செம்பு ஊற்றினார்கள். தடுத்தால், "வாயில்லாச் சீவன்ல, தவிக்கும்லா" என்பாள் அம்மா. நான் வீரமாகச் செடிக்குமேல் குடை பிடித்தேன். செடியோடு நானும் நனைந்தேன். செடி செத்தது.

மாமா வந்து பார்த்தார். அவருக்கும் அம்மா ஒரு செம்பு நீட்டினாள். வாங்கிக் குடித்தார்.

இன்று, அழுகாமல் மிஞ்சிய ஓர் இலையை, துளிர்க்கட்டும் என்று பீரோ உச்சியில் ஒளித்துவைத்தேன். "ஒரு மடக்குத்தாங்க ஊத்துறேன்" என்று மனைவி செம்போடு ஸ்டூலில் ஏறுகிறாள். விழுந்துவிடக் கூடாதே என்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.