பாலத்துக்கு இந்தப் பக்கம்

ரவீந்திரன் தொலைபேசியில் பேசும்போது முதலில் வானிலையைப் பற்றிச் சொல்வார். வவுணதீவில் வயல் செய்பவர் அவர். செவ்வாய்க்கிழமை காலை அவர் மழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "மச்சான் போயிட்டார்" என்றார். பிறகு, "நித்திரையிலயே" என்றார்.

அவர் மச்சான் என்று சொன்னது, தம் மனைவி புஷ்பராணியின் அண்ணன், சத்திரசிகிச்சை நிபுணர் பேரின்பநாயகம் அவர்களை. மட்டக்களப்பில் அவர் கத்தி வைத்த உடம்புகள் ஏராளம். அந்த நோயாளிகள் தத்தம் தழும்பைத் தொட்டு அவரை நினைத்துக்கொள்வார்கள். நான் எழுதுவது அவருடைய ஒரு பிடிவாதத்தைப் பற்றி. அதன் தொடக்கத்தைக் கண்ணால் கண்டவர்களில் நானும் ஒருவன்.

அவர் அப்போது பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர். பயிற்சி மருத்துவர்களுக்கு 'ஒன்கோல்' என்றொரு கடமை உண்டு. அன்றைய நாளில் விபத்தோ, வயிற்றுக் குத்தோ, எது வந்தாலும் அழைத்தவுடன் போய் நிற்க வேண்டியவர் அவர்தான். வைத்தியசாலை நகரத்தில் இருந்தது. அவருடைய வீடு வாவிக்கு மேற்கே வவுணதீவில். இடையில் வலையிறவுப் பாலம், பாலத்தில் சோதனைச்சாவடி. மறுகரைக்குப் போனவர் எப்போது திரும்புவார் என்று எவராலும் சொல்ல முடியாத சண்டைக்காலம் அது. ஆகவே தமக்குத் தாமே ஒரு விதி வைத்திருந்தார்: ஒன்கோல் நாளில் பாலம் தாண்டுவதில்லை.

தங்கையின் கலியாண நாளுக்கு வேறொருவரோடு முறை மாற்றி வைத்திருந்தார். மாறியவர் டெங்குக் காய்ச்சலில் விழுந்துவிட்டார். வேறு ஆள் இல்லை.

மாப்பிள்ளை ரவீந்திரன் அப்போது நகரத்துப் புளியந்தீவில் என் அயல்வீட்டுக்காரர்; கலியாணத்துக்குப் பிறகுதான் வவுணதீவில் குடியேறினார். அவருடைய காரில் நானும் இருந்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கத்தில், நகரக் கரையில், ஒருவர் கையைக் காட்டி எங்களை மறித்தார். பட்டு வேட்டி, சால்வை, ஒரு கையில் செம்பு, மறு கையில் தண்ணீர்ப் போத்தல். பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்பது எங்கள் வழக்கம். அதைச் செய்யத்தான் அங்கே வந்து நின்றிருந்தார்.

"இறங்குங்க மச்சான். காலைக் காட்டுங்க."

"இங்கயா? ஆமிக்காரன் பாத்துக்கொண்டு நிக்கிறான்."

"பாக்கட்டும். அவனும் ஒரு நாளைக்குக் கலியாணம் முடிக்கிறவன்தானே."

தார் வீதியில் குந்தியிருந்து இரண்டு கால்களையும் கழுவித் தம் சால்வையால் துடைத்தார். ரவீந்திரன் முறைப்படி அவருக்கு மோதிரம் போட்டார். டொக்டர் அதை உடனே கழற்றி மடியில் முடிந்துகொண்டார். சத்திரசிகிச்சை செய்யும் கைக்கு மோதிரம் ஆகாது. "தங்கச்சிக்கிட்டச் சொல்லுங்க, நாளைக்கு விடியவே வாறன்" என்றார். எங்கள் கார் பாலத்தில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார்.

அன்று முழுவதும் அவருக்கு ஒரு அழைப்பும் வரவில்லை.

புஷ்பராணியால் பொறுக்க முடியாமல் போனது அதுதான். உயிரொன்றைக் காப்பாற்ற நின்றார் என்றால் மனம் ஆறியிருப்பார். மறுநாள் விடியவே வந்த அண்ணனிடம், "ஒருத்தரும் வரல்லையாமே" என்றார். "வராதது நல்லம்தானே புள்ள" என்றார் அவர். அந்தப் பதில் காயத்தை இன்னும் பெரிதாக்கியது. அதன்பின் அவர் எப்போது அந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே ஒரு கேள்வி காத்திருக்கும்: "என்ன அண்ணன், இண்டைக்குப் பாலம் திறந்திரிக்கோ?" அவர் சிரிப்பார். சோறு போடுவார் தங்கை, பக்கத்தில் இருக்கமாட்டார்.

சண்டை முடிந்தது. சாவடி போனது. பழைய ஒடுங்கிய பாலத்தின் இடத்தில் அகலமான பாலம் வந்தது. அவரும் வெளிநாட்டில் படித்துத் திரும்பி, நிபுணராகி, தமக்குக் கீழே பயிற்சி மருத்துவர்கள் பலரை வைத்திருந்தார். விதி மட்டும் மாறவில்லை. "இப்ப காரில போனா அஞ்சு நிமிசம்தானே, டொக்டர்" என்று நான் ஒருமுறை கேட்டேன். "நிமிசத்த நான் பாக்கல்ல. நான் இந்தப் பக்கம் இரிக்கன் எண்டு அந்தப் பக்கத்து ஆக்களுக்குத் தெரியணும்" என்றார். அவருடைய பயிற்சி மருத்துவர்களும், அவர் சொல்லாமலே, தங்கள் முறை நாள்களில் பாலம் தாண்டுவதை விட்டார்கள்.

பிறகொரு நாள் வயல்வட்டையில் வரம்பு ஏறும்போது உழவு இயந்திரம் புரண்டு ரவீந்திரன் அடியில் அகப்பட்டார். மண்ணீரல் கிழிந்து உள்ளே இரத்தம் போய்க்கொண்டிருந்தது. செய்தி கேட்டு நான் போனபோது, சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே நீண்ட வாங்கில் அண்ணனும் தங்கையும் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க ஏன் உள்ளுக்குப் போகல்ல?" என்று கேட்டார் புஷ்பராணி.

"இண்டைக்கு என்ட முறை இல்ல. சொந்தக்காரன்ட கை நடுங்கும். உள்ளுக்கு நிக்கிற புள்ளைக்கு நடுங்காது. இண்டைக்கு முறையான பெரிய டொக்டர் வாறதுக்கு முதலே எல்லாம் ஆயத்தம் பண்ணி, வயித்தத் திறந்திட்டா."

"ஆர் அவ?"

"நஸ்ரின். ஏறாவூர்ப் புள்ள."

புஷ்பராணி கதவைப் பார்த்தார். "இண்டைக்கு நோன்புப் பெருநாள்தானே?"

"ஓம். முறை எண்டு போகல்ல. வீட்டில உம்மா சமைச்சு வெச்சிட்டுப் பாத்துக்கொண்டு இரிப்பா."

சற்று நேரத்தில் தங்கை வாங்கில் நகர்ந்து அண்ணனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான் நான் கண்டது. ரவீந்திரன் பிழைத்தார். அடுத்த தைப்பொங்கலுக்குப் புஷ்பராணி பொங்கிய புக்கை, ஒரு பெரிய சட்டியில், அன்று ஒன்கோலில் இருந்தவர்களுக்கென்று, பாலம் தாண்டி வைத்தியசாலைக்கு வந்தது. வாசல் கேள்வி அதன்பின் கேட்கப்படவில்லை.

புதன்கிழமை பின்னேரம் நகரத்தில் அவர் தங்கியிருந்த வைத்தியர் விடுதியிலிருந்து அவரது உடலைப் பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோனோம். வைத்தியசாலையே திரண்டு வந்ததுபோல் பின்னால் வாகனங்கள். பாலத்துக்கு இந்தப் பக்கத்தில், வீதியோரமாக மூன்று இளம் மருத்துவர்கள் நின்றிருந்தார்கள். சாரதி அவர்களைக் கடந்துபோகப் பார்த்தார்.

"நிப்பாட்டுங்க மகன்" என்றார் புஷ்பராணி. "அவங்க இண்டைக்கு ஒன்கோல். பாலம் தாண்ட மாட்டாங்க."

பின்கதவு திறக்கப்பட்டது. ஒருவர் பூ வைத்தார். அடுத்தவர் குனியும்போது வைத்தியசாலையிலிருந்து அவருடைய தொலைபேசி அடித்தது. கையில் பூவோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். புஷ்பராணி இறங்கிவந்து அந்தப் பூவை வாங்கிக்கொண்டார். "நீங்க போங்க மகன். நான் வைக்கிறன். அவர் கோவிக்க மாட்டார்."

மூவரும் நகரத்தை நோக்கித் திரும்பினார்கள். வண்டி பாலத்தில் ஏறியது.

போய்வாருங்கள், டொக்டர். இன்று உங்கள் முறை இல்லை.