கடைசிப் பெஞ்சில் அமர்ந்திருந்த அக்கா

அக்கா கர்த்தருக்குள் உறங்கி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும், சபையாருக்கும், அக்காவோடு பனியன் கம்பெனியில் வேலை செய்த சகோதரிகளுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம்.

கட்டுரை கேட்டு வந்த அக்கா மகள், "நாலு நல்ல வார்த்தை எழுதுங்க மாமா" என்று சொல்லவில்லை. "நடந்ததை எழுதுங்க. மனசில்லீன்னா எழுதவே வேண்டாமுங்க" என்றாள். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

சபையில் இளையவர்கள் பலருக்கு அக்காவைப் பற்றி இரண்டு செய்திகள் தெரியும். குளியலறையில் வழுக்கி விழுந்து வாய் ஒருபுறம் கோணிப்போனவர் என்பது ஒன்று. கணவரோடு சமாதானமாகப் போக மறுத்ததால், கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்திலிருந்து பல ஆண்டுகள் விலக்கி வைக்கப்பட்டவர் என்பது மற்றொன்று. முதலாவது பொய். இரண்டாவது பெரிய அநியாயம். இரண்டையும் என் வாயால் சொன்னவன் நான்.

ஊத்துக்குளிக்கு அருகே ஒரு சிற்றூரில் அக்கா பிறந்தார். அப்பா எருமைகள் வைத்திருந்தார். ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில இருந்தோம். ஓடு வேய்ந்த சிறிய கோயில். ஒரு ஞாயிறு, எங்கள் சபைப் போதகரான ஐயர் நரகத்தைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கித்துக் கொண்டிருந்தபோது எங்கள் எருமை ஒன்று சன்னலில் தலையை நுழைத்து நீளமாகக் கத்தியது. அக்கா வெடித்துச் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா புளியவிளாரை உருவினார். கால் முழுவதும் தடித்துப்போகும் வரை அடித்தார். அடிக்கு நடுவிலும், "அது ஆமென் சொல்லுச்சுங்கப்பா" என்று அக்கா சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. அப்பாவின் கை தளர்ந்ததே தவிரச் சிரிப்பு நிற்கவில்லை.

அப்பா இறந்தபின் அக்கா பள்ளியை விட்டுவிட்டுத் திருப்பூரில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தார். தைத்து வரும் பனியன்களில் பிசிறு வெட்டி, ஓட்டை, கறை பார்த்துப் பிரிக்கும் வேலை. அந்த உழைப்பில் நான் எம்.ஏ. வரை படித்தேன், ஆசிரியரானேன், சபைக்குச் செயலாளரும் ஆனேன். அக்காவுக்கு வரன் பார்த்ததும் நான்தான். மாப்பிள்ளை, கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். பாடற்குழுவில் அவர் பாடினால் கோயிலே அமைதியாகிவிடும். குடிப்பழக்கம் இல்லை. பிற்பாடு என்ன நடந்தபோதும், "குடிக்கிற ஆளா அவர்?" என்று சொல்லித்தான் நாங்கள் எல்லோரும் எங்கள் மனத்தைத் தேற்றிக் கொண்டோம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நண்பகல், அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். இடது முழங்கையின் கீழே அயர்ன் பாக்ஸின் முனை அப்படியே பதிந்து, தோல் உரிந்து கிடந்தது.

"என்னக்கா இது?"

"தேய்க்கறப்பக் கை தவறிப் பட்டுருச்சுன்னு சொல்லச் சொன்னாரு. உன்கிட்டயும் அப்படியே சொல்லட்டா, இல்ல நடந்ததச் சொல்லட்டா?"

நடந்தது இதுதான். குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரர் தம் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்ல, அக்கா சிரித்திருக்கிறார். கணவர் கூந்தலைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், விலாவில் உதைத்து, "இனி எவன்கூடச் சிரிப்பே?" என்று கேட்டுக் கேட்டுச் சூடான அயர்ன் பாக்ஸைக் கையில் வைத்து அழுத்தியிருக்கிறார்.

"அப்படி என்ன சொன்னார் அந்த ஆள்?" என்றேன்.

அக்கா சொன்னார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விலாவைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வெக்காத சாமி, உசுரு போவுது" என்றார்.

நான் சிரிக்கவில்லை. மருந்து போட்டேன். துன்பத்தில் மகிழ்ந்திருப்பதே விசுவாசிக்கு அழகு என்று விளக்கினேன். பொறுமையைப் பற்றியும் மனைவியின் கடமையைப் பற்றியும் நன்றாகவே பேசினேன். வகுப்பெடுத்துப் பழகிய நாக்கு. அக்கா கேட்டுக் கொண்டிருந்துவிட்டு, "மகிழ்ச்சிதான் எனக்கு இருக்குதே தம்பி. அதுக்குத்தான அடிக்கறாரு?" என்றார். நான் ஜெபத்தைத் தொடங்கினேன். ஜெபத்தை முடித்துவிட்டு ஸ்கூட்டரில் ஏற்றிக் கொண்டுபோய் அவர் வீட்டில் விட்டேன்.

கணவர் வெளியே வந்து என் கையைப் பற்றினார். "வாங்க மாப்ள, காப்பி சாப்பிட்டுப் போலாம்" என்றார். வேலை இருப்பதாகச் சொன்னேன். கதவு சாத்தப்பட்டது. தாழ் விழுந்தது. அடுத்து முதல் அடியின் சத்தம் கேட்டது. நான் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினேன். வண்டிச் சத்தத்தில் மற்றவை கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் கிளப்பினேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. திருவிருந்துக்கு முந்திய வாரம் செயலாளரும் மூப்பர்களும் வீடுவீடாகப் போய், "யாரோடாவது மனத்தாங்கல் உண்டா?" என்று கேட்போம். உண்டு என்று ஒருவர் சொன்னால் அது தீரும்வரை இரு தரப்பாரும் திருவிருந்துக்கு வரக்கூடாது. பெரும்பாலோர் இல்லை என்பார்கள். நாங்களும் காப்பி குடித்துவிட்டு எழுந்து விடுவோம்.

அக்காவுக்குச் சூடு பட்டதற்குப் பின் வந்த முறை அக்கா வீட்டில் நான்தான் கேட்டேன். கணவர் நாற்காலியில் இருந்தார். அக்கா கதவோரம் நின்றபடி, "உண்டுங்க" என்றார்.

மூப்பர்கள் தரையைப் பார்த்தார்கள். அடுத்த வாரம் பாடவேண்டிய தனிப்பாடல் அக்கா கணவருடையது. அவர் விலகி நின்றால் ஊரே காரணம் கேட்கும். என் மானமும் போகும். "புருஷன் பெண்டாட்டிக்குள்ள வர்ற சின்ன மனஸ்தாபம். இதெல்லாம் கணக்கில் வராது" என்று நானே சொல்லி எழுந்தேன். அக்கா என்னைப் பார்த்தார். நான் செருப்பை மாட்டிக் கொண்டிருந்தேன்.

நாங்கள் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டோம். துணி வெட்டும் பெரிய இரும்புக் கத்திரியின் பிடியால் அவர் அக்காவின் தாடையில் அடித்தார். விழுந்தபின்னும் அடித்தார். பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த பாப்பாத்தி என்பவர் கதவை உடைத்துக்கொண்டு போனபோது தரையில் இரத்தமும் பற்களும் கிடந்தனவாம். மகள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தாளாம். பாப்பாத்தி அக்காவோடு செக்கிங் மேசையில் வேலை செய்தவர். நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். அவர்தான் அக்காவை மடியில் கிடத்திப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார்.

நான் போய்ச் சேர்ந்ததும் டாக்டரிடம், "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டாங்க" என்றேன்.

"ஏனுங்க வாத்தியாரே, உங்க பாத்ரூமுக்குக் கையும் இருக்குதுங்களா? கழுத்துல விரல் தடம் இருக்குதே" என்றார் அவர்.

உடன்பிறந்தவனே அப்படிச் சொன்னதால் வழக்கு எதுவும் பதிவாகவில்லை. தாடை கோணலாகவே கூடியது.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா நேரே, வேறு தெருவில் பாப்பாத்தி குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனார். மூப்பர்களோடு நானும் அங்கே போனேன்.

"அவரை மன்னிச்சுட்டியாம்மா?" என்று மூத்தவர் கேட்டார்.

"மன்னிச்சுட்டேனுங்க. ஊட்டுக்குத்தான் போவ மாட்டேனுங்க."

"மன்னிச்சா சேர்ந்து வாழறதுதானம்மா முறை?"

"சேர்ந்து வாழறதுக்கு நான் உசுரோட இருக்கோணுமில்லீங்களா?" என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். அந்தக் கோணல் வாயில் சிரிப்பைப் பார்ப்பது அதுவே முதல் முறை. மூத்தவர் அதைத் திமிர் என்றார். நான் மறுக்கவில்லை.

கமிட்டி கூடியது. மன்னித்தேன் என்று சொல்லிவிட்டுச் சமாதானத்துக்கு இணங்காதவர் என்று அக்காவைத் திருவிருந்திலிருந்து விலக்கினோம். ஆராதனை முடிவில் அதை எழுந்து அறிவித்தவன் நான். அக்கா கணவர் அன்று தனிப்பாடல் பாடினார். முதல் வரிசையில் மண்டியிட்டு அப்பத்தை வாங்கினார்.

அக்கா சபையை விட்டுப் போகவில்லை. வாரந்தோறும் மகளோடு வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். திருவிருந்து நாளில் எல்லோரும் முன்னால் போகும்போது அவர் மட்டும் அங்கே இருந்தபடி பாடிக் கொண்டிருப்பார். தாடை சரியாக மூடாததால் சொற்கள் சிதறும். குரல் மட்டும் குறையாது. கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண், "ஏனக்கா, உங்க சாமி உன்னைய வெளிய நிறுத்திப்போட்டுதாமா?" என்று சீண்டியிருக்கிறாள்.

"சாமி எங்க புள்ள நிறுத்துச்சு? என்ற தம்பிதான் நிறுத்துனான். சாமி என்கூடக் கடைசிப் பெஞ்சுலதான் உக்காந்திருக்குது. முன்னால எடம் பத்தலையாட்ட இருக்குது" என்றாராம் அக்கா. மேசையே சிரித்ததாம். பாப்பாத்தி இதை என்னிடம் சொன்னபோது சிரிக்காமல்தான் சொன்னார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், அதே சாப்பாட்டு நேரத்தில் அக்கா கணவர் கம்பெனி வளாகத்துக்குள் நுழைந்தார். துணியில் சுற்றிய கத்திரி கையில் இருந்தது. அக்காவின் கூந்தலைப் பற்றி இழுத்ததில் உச்சித் தோல் பிய்ந்து நெற்றியில் இரத்தம் வழிந்தது. கத்திரியை ஓங்கியவரின் தோளில் பாப்பாத்தி மர ஸ்டூலால் அடித்தார். கத்திரி விழுந்தது. பிறகு செக்கிங் பெண்கள் எல்லோரும் பாய்ந்தார்கள். டிபன் பாக்ஸாலும் ஸ்டூலாலும் வெறுங்கையாலும் அடித்தார்கள். மண்டை உடைந்து அவர் மண்ணில் உருண்டார். எழ முயன்றபோதெல்லாம் மறுபடியும் மிதித்தார்கள்.

அக்கா நடுவில் விழுந்து தடுத்தார். "போதும் உடுங்க புள்ள, செத்துருவாரு!"

"சாவட்டுமே! உனக்கென்ன?"

"நீங்க எல்லாம் ஜெயிலுக்குப் போயிட்டா மத்தியானம் நான் ஆருகூட உக்காந்து திங்கறது?"

அதில்தான் அவர்கள் கை நின்றது. கட்டிங் வேஸ்ட் துணியை எடுத்து அக்கா தாமே அவருடைய தலையைக் கட்டினார். தம் நெற்றியிலிருந்து இரத்தம் அவர் சட்டையில் சொட்டச் சொட்டக் கட்டிவிட்டு, எல்லோரும் கேட்கச் சொன்னார்: "இனி வராதீங்க. வந்தா நான் குறுக்க நிக்க மாட்டேன்."

அவர் வரவில்லை. காங்கேயம் பக்கம் போய்விட்டார். சில ஆண்டுகளில் அங்கேயே இறந்தார். அக்கா தம் மகளோடு போய் மண் போட்டுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகும் விலக்கு அப்படியே இருந்தது. யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எடுத்தால் போட்டது தவறு என்றாகும். தொண்ணூறுகள் முடியும் தறுவாயில் வந்த புதிய ஐயர் இதைக் கேள்விப்பட்டு ஒரு திருவிருந்து நாளில் யாரையும் கேட்காமல் அப்பத் தட்டோடு கடைசிப் பெஞ்சுக்கு நடந்தார். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அக்கா எழுந்து நின்று வாங்கினார். நான் அன்று முன்னால் போகவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அக்கா என்னைப் பிடித்துக் கொண்டார். "நீ ஏன் தம்பி வாங்குல?"

"உங்ககிட்ட மன்னிப்புக் கேக்காம எப்படிக்கா வாங்கறது?" என்றேன். அழுதேன்.

"அட, அதை எப்பவோ மன்னிச்சுட்டேன். அதுக்காவ அழுவாத. ஆனா கண்ணு, நீ என்னைத் தள்ளி வெச்சது சபைக்கு முன்னால. என்ற காதுல மட்டும் வந்து சொன்னா அது கழியுமா? அங்கயே எந்திரிச்சுச் சொல்லோணும்."

"சொல்றேனக்கா" என்றேன்.

சொல்லவில்லை. அடுத்த மாதம் என்றேன். ஓய்வு பெற்றபின் என்றேன். என் மகள் திருமணம் முடியட்டும் என்றேன். அக்கா மறுபடி கேட்கவே இல்லை. என் வீட்டுக்கு வந்தார். என் பேரப்பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார். நான் நோயில் கிடந்தபோது கஞ்சி ஊற்றினார். கணவருக்குச் செய்ததையே எனக்கும் செய்தார் என்று பிறகுதான் புரிந்தது. மன்னிப்பைக் கொடுத்துவிட்டார், சபை முன் நான் சொன்ன பொய்யை மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. கடைசி நாள்களில் ஆஸ்பத்திரியில் நினைவு மங்கிய பொழுதும் பாடிக்கொண்டுதான் இருந்தார்.

நன்றி சொல்ல வேண்டும். அக்காவை மடியில் ஏந்திய பாப்பாத்தி அம்மையாருக்கும், ஸ்டூலோடும் டிபன் பாக்ஸோடும் அவரைக் காத்த சகோதரிகளுக்கும், என் பொய்யை நம்பாத அந்த டாக்டருக்கும், தட்டை ஏந்திக் கடைசிப் பெஞ்சு வரை நடந்த ஐயர் அவர்களுக்கும், என்னை எழுத வைத்த அக்கா மகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலர் அச்சாகுமுன், சென்ற ஞாயிறு ஆராதனையின் முடிவில் நான் எழுந்து நின்றேன். வராதவர்களுக்காக அன்று சொன்னதை இங்கே எழுதுகிறேன். அக்கா குளியலறையில் விழவில்லை, கணவரால் அடிபட்டார். சமாதானத்தை மறுக்கவில்லை, சாக மறுத்தார். அவர்மேல் போட்ட விலக்கு தவறானது. விலக்க வேண்டியிருந்தது அடித்தவரையும், அடிக்கக் கொண்டுபோய் விட்ட என்னையும்தான்.

சொல்லி முடித்ததும் நான் என் இடத்துக்குத் திரும்பினேன். என் அருகில் இருந்தவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.