நான் சுரண்டிய ஈயக்கறை

சுத்தம் செய்வது என்றாலே எனக்குச் சுரண்டுவதுதான். கம்பத்தில் அத்தாவின் நெல் மண்டியில் வளர்ந்தவன். தராசுத் தட்டில் ஒட்டிய மண்ணோ எடைக்கல்லின் அடியில் பிடித்த பிசுக்கோ, எதுவானாலும் சாக்குத் தைக்கிற கோணி ஊசியால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். அந்தத் திமிரோடுதான் என் தங்கையின் துப்பாக்கியிலும் கை வைத்தேன்.

துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். போட்டிகளில் சுடுகிற காற்றுக் கைத்துப்பாக்கி. கல்லூரியில் என்.சி.சி. முகாமுக்குப் போனவள் சுட்டதைப் பார்த்துவிட்டு, பயிற்சி கொடுத்த அதிகாரி எங்கள் மண்டியைத் தேடி வந்தார். "ஒங்க பிள்ளைக்கு நீட்டுன கை அசைய மாட்டேங்குதுய்யா" என்றார். அத்தாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மதுரையில் ஒருவர் வைத்திருந்த பழைய துப்பாக்கியை வாங்கி வந்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். மாநிலப் போட்டியில் தேறி விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கினால் அவள் இஷ்டம். இல்லையென்றால் அந்த வருஷமே நிக்காஹ்.

கிட்டங்கியில் மூடை அடுக்குகளுக்கு நடுவே நின்று அவள் பழகுவாள். ஒற்றைக் கையை நீட்டி அப்படியே நிற்பாள். மூடை தூக்குகிறவர்கள் சுமையோடு நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்தத் துப்பாக்கியின் குழல் முனையில் காம்பன்சேட்டர் என்று ஒரு சின்ன உருளையைத் திருகி மாட்டியிருக்கும். குண்டோடு சீறி வரும் காற்றை மேல்பக்கத்து வெட்டுகள் வழியே வெளியேற்றி, முனை துள்ளாமல் அமுக்கி வைப்பது அதன் வேலை. சுடச்சுட ஈயப்பொடியும் எண்ணெயும் கலந்து அதற்குள் கறை கட்டும். காது குடையும் பஞ்சுக்குச்சியை எண்ணெயில் தொட்டு ஒரு மணி நேரம் துடைப்பாள். எனக்குப் பொறுமை போய்விடும்.

"ஊசி கீசி எதுவும் உள்ள படக் கூடாதுண்ணே. சின்னப் பிசிறு இருந்தாலும் குண்டு ஒரசிட்டுத் தெச மாறிப் போயிரும்" என்று ஒரு நாள் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

போட்டிக்குச் சென்னை கிளம்ப வேண்டிய நாள். சாயங்காலம் பஸ். ஏதோ சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்குப் போயிருந்தாள். நான் பெட்டியைத் திறந்து காம்பன்சேட்டரைக் கழற்றிப் பார்த்தேன். துளையின் விளிம்பில் கறுப்பு வளையமாகக் கறை இறுகிக் கிடந்தது. பஞ்சுக்கு மசியவில்லை. கோணி ஊசியை எடுத்தேன். பானையில் அடிப்பிடித்த சோறு மாதிரி பொருக்குப் பொருக்காக வந்தது. கடைசியில் உலோகம் பளபளத்தது. இதைச் செய்யத்தான் இவள் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறாளா என்று சிரித்துக்கொண்டேன். ஜெயித்து வந்த பிறகு சொல்லி அசத்தலாம் என்று திருகி மாட்டி மூடிவைத்தேன்.

மறுநாள் சென்னையில், போட்டி நடந்த கூடத்தில் அவளுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதல் சில குண்டுகளே திசைக்கொன்றாகப் போயின. துப்பாக்கியை வைத்துவிட்டு உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். மறுபடி எடுத்தாள். மறுபடி துடைத்தாள். பாதிப் போட்டியில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

"கை நடுங்கிருச்சுண்ணே." தேனி வருகிறவரை அவள் பேசியது அவ்வளவுதான். பதட்டமாக இருந்திருக்கும் என்று நானும் நம்பித்தான் ஆறுதல் சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பெயர் வாங்க அவளுக்கு விருப்பமில்லை. துப்பாக்கியின் மேல் ஒரு சொல் குறை சொல்லவில்லை. பெட்டியைத் திறக்கவும் இல்லை. கூடலூரிலிருந்து ஜீப் வைத்திருக்கும் மாப்பிள்ளை கேட்டு வந்தபோது சரியென்று தலையை ஆட்டினாள்.

நிக்காஹுக்கு ஒரு மாதம் இருக்கையில், துப்பாக்கியை விற்றுவர அத்தா என்னை மதுரைக்கு அனுப்பினார். வாங்க வந்தவரும் போட்டிகளில் சுடுகிறவர். காம்பன்சேட்டரைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதச் சொரண்டுனது யாரு தம்பி?"

நான் குனிந்து பார்த்தேன். விளிம்பில் பிசிறு ஒன்று எழும்பி நின்றதைக் காட்டினார். அதன்மேல் ஈயம் தீற்றலாகப் படிந்திருந்தது.

"குண்டெல்லாம் இங்கன ஒரசிட்டுத்தான் போயிருக்கு. இத வச்சு எந்தக் கொம்பனாலயும் பத்து எடுக்க முடியாது. பாவம், யாரு சுட்டாக?"

"தெரிஞ்சவுக" என்றேன்.

திரும்பும் வழியெல்லாம், வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் தைரியம் வடிந்துவிட்டது. பத்திரிகை அடித்தாயிற்று. சொன்னால் நிக்காஹ் வேண்டாம் என்பாள், அத்தா தலைகுனிவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது நொண்டிச் சமாதானம். நான் காப்பாற்றியது என் முகத்தைத்தான்.

அதற்குப் பிறகு கூடலூர் போகும்போதெல்லாம் பார்த்தேன். விருந்தாளி வந்தால் டீ ஊற்ற மாட்டாள். ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவாள். "என் கைக்கு ஆகாது" என்பாள். மச்சான் அவளை நடுக்கக்காரி என்று கேலி செய்வார், அவளும் சிரிப்பாள். அந்தக் கை நடுங்கி நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

சொல்லாமலே பத்து வருஷம் போனது. ஒரு மதியம் போயிருந்தபோது அவளுடைய கைக்குழந்தைக்குக் காய்ச்சல். மருந்தை உறிஞ்சிச் சொட்டு விடுகிற பில்லரை என்னிடம் நீட்டினாள்.

"நீ ஊத்துண்ணே. அளவு தப்பிரும், என் கை நடுங்கும்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கோணி ஊசியில் ஆரம்பித்து மதுரை ஜன்னல் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுதேன். அவள் அழவில்லை. குழந்தையின் நெற்றியில் கை வைத்தபடி கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மதுரக்காரர் சொன்னது என் நிக்காஹுக்கு முன்னாடியா, பெறகா?"

பிறகு என்ற பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"முன்னாடி" என்றேன்.

என் கையிலிருந்த பில்லரை வாங்கினாள். கோடு வரைக்கும் மருந்தை உறிஞ்சினாள். குழந்தையின் வாயைத் திறந்து, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் ஊற்றி முடித்தாள்.

"கெளம்புண்ணே, பஸ் போயிரும்" என்றாள்.