சிவப்புக் கட்டத்தில் முதல் பெயர்

நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, காலை 8.20. விடாத தூறல். பள்ளிக்கரணையின் ஒரு கோடித் தெருவில், கணுக்கால் அளவு மழைநீரில் 63 குடங்கள் வரிசையாக நின்றன. எண்ணினேன். எண்ணாமல் இருக்க எனக்கு வராது... பழைய உத்தியோகப் பழக்கம்!

பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஐந்து பெண்கள். தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தார்கள்.

நான் போனது பிரின்ஸியைத் தேடி. ஒன்பதாம் வகுப்பு. அவள் படிப்பை நிறுத்தியதில் எனக்கும் பங்குண்டு.

ஓய்வுபெற்ற புள்ளிவிவர அதிகாரி சும்மா இருப்பானா? தாம்பரம் வீட்டில் உட்கார்ந்தபடி, தெரிந்த தலைமையாசிரியைக்காக ஒரு வருட வருகைப் பதிவை அலசிக் கொடுத்தேன். அதிக நாள் வராதவர் மேலே, குறைந்த நாள் வராதவர் கீழே. முதல் ஏழு பெயருக்குச் சிவப்பு வண்ணம். ‘காரணம்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டம் எனக்குப் பிடிக்காது. ‘படிப்பில் ஆர்வமில்லை’ என்று நானே நிரப்பினேன்.

பெற்றோர் கூட்டத்தில் அதை அப்படியே வாசித்துவிட்டார்கள். முதல் பெயர், பிரின்ஸி.

பத்து நாள் கழித்து தலைமையாசிரியை போன் செய்தார். “சார், அந்தப் பொண்ணு வர்றதே நின்னுடுச்சு.”

குடங்களின் நடுவே அவள் அம்மாவைக் கண்டுபிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஓ... நீதான் அந்த லிஸ்ட்டு சாரா? செவ்வா, சனி லாரி வருது. எட்டுக்கும் வரும், பத்துக்கும் வரும். நானும் அவங்கப்பாவும் ஆறு மணிக்கே வேலைக்குப் பூடுவோம், வூட்டுல அவள வுட்டா யாரு கீறா? லேட்டா போனா உள்ள வுட மாட்டாங்க. இத்த ஒரு வார்த்தை கேட்டியா நீ? அத்தினி பேரு எதிர்ல ஆர்வமில்லைன்னு படிச்சாங்க. அவங்கப்பா அன்னிக்கே புஸ்தகத்தைக் கட்டி வெச்சிட்டாரு. நாவலூர்ல அவ சித்தி வூட்டுல புள்ள பாத்துகினு கீறா. இப்ப செவ்வான்னா நான்தான் வேலைக்கு லீவு போட்டு இங்க நிக்கறேன்.”

வீடு திரும்பி, அதே பதிவைப் பெயர் வாரியாக அல்ல, தெரு வாரியாகவும் கிழமை வாரியாகவும் அடுக்கினேன். நான்கு நிமிடம். ஏழு சிவப்பில் ஆறு பேர் அந்தத் தெரு. வராத நாளெல்லாம் செவ்வாய்; சனி பள்ளி விடுமுறை. பிரச்சினை பிள்ளைகளிடம் இல்லை, லாரியின் நேரத்தில் இருந்தது. ‘யார் வரவில்லை’ என்று கேட்ட நான், ‘என்றைக்கு, எங்கிருந்து’ என்று கேட்கவே இல்லையே! இத்தனை வருட சர்வீஸ் எதற்கு?

அதைத் தலைமையாசிரியையிடம் காட்டினேன். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அந்தத் தெருப் பிள்ளைகள் பதினொரு மணி வரை வரலாம். ஐந்து பேர் ஒழுங்காக வருகிறார்கள்.

பிரின்ஸிக்காக மேலும் மூன்று முறை போனேன். கடைசி முறை அவள் அம்மா கதவருகிலேயே நின்று சொன்னார்:

“வுடு சார். ஸ்கூலுக்கு வர்றியான்னு நானே கேட்டேன். வேணாங்கறா. அன்னிக்கு நீ எழுதினது பொய்யி. இப்போ நெசமாயிடுச்சி.”

நான்கு நடை, போக வர எண்பது. இந்தத் தவறுக்கு எனக்கு ஆன மொத்தச் செலவு: ஷேர் ஆட்டோவுக்கு 320 ரூபாய்.