நீல ரவிக்கை

என் முதல் நாவல் வெளிவருமுன் கருத்துக் கேட்க ஐந்து பேருக்குப் பிரதி கொடுத்தேன். அவர்களில் ஒருவர் தாராவியில் தையல்கடை வைத்திருக்கும் செல்வி அக்கா. வேலைக்குப் போன ஒரு பெண் காணாமல்போகும் கதை. முழுக்க என் கற்பனை.

திரும்ப வாங்கப் போனபோது பக்க ஓரங்களில் பென்சில் எழுத்து. ‘புருவத் தழும்பு சரி.’ ‘சேலை பச்சை இல்லை, நீலம்.’

“யாரக்கா இது?”

“என் தங்கச்சி. காணாமப்போயி ஒம்பது வருசமாச்சு.”

கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அங்கே என் நாயகி வீடு திரும்புகிறாள்.

“மத்ததெல்லாம் தெரிஞ்சிருக்கு. அவ வர்ற நாளை மட்டும் போடலியே தம்பி?”

கற்பனை என்று சொல்ல வாய் வரவில்லை. “சீக்கிரம் வருவாக்கா” என்றேன்.

இப்போது அவர் கடை வாசலில், தங்கை அளவுக்குத் தைத்த நீல ரவிக்கை தொங்குகிறது. நான் சுற்றுவழியில்தான் போகிறேன்.